விசைப்படகு இன்ஜினில் ஆயில் கசிவு: ஊற்றுக்கண்ணைத் தேடிப் பிடிக்கும் முழுமையான வழிகாட்டி

இன்ஜின் ரூம் பலகையைத் தூக்கிப் பார்க்கிறீர்கள். அடியில் தேங்கிய தண்ணீரில் கறுப்பாக ஆயில் மிதக்கிறது. ஃப்ளைவீல் ஹவுசிங்கின் (இன்ஜினின் பின்முனையில் ஃப்ளைவீல் சக்கரத்தை மூடிய கூடு) அடியில் ஒரு சொட்டு தொங்குகிறது. "அண்ணே, கிராங்க் பின் சீல் போச்சு. கியர் பாக்ஸை இறக்கிடலாமா?" என்று பக்கத்தில் நிற்கும் தம்பி கேட்கிறான். கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ஆயிலை அடைத்து நிறுத்தும் வளையத்தைத்தான் பின் சீல் என்கிறான். வீணாகப் பெரும் செலவு இழுத்துவிடும் கேள்வி இது.

லாரியில் இன்ஜின் ஏறக்குறைய சமமாக உட்காரும். படகில் அப்படி இல்லை. ஷாஃப்ட் பின்னோக்கிச் சரிந்து இறங்குவதால் இன்ஜினும் அணியத்துப் பக்கம் (படகின் முன்பக்கம்) தூக்கலாகவும் பின்பக்கம் தாழ்வாகவும் உட்கார்ந்திருக்கும். இன்ஜின் தலையில் வால்வுகளை மூடிய டேப்பட் கவரில் கசிந்தாலும் சரி, ஃபில்டரில் கசிந்தாலும் சரி, ஆயில் பின்னால் ஓடி ஃப்ளைவீல் ஹவுசிங்கில் வந்துதான் சொட்டும். சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு.

ஒரே சீசனில் இரண்டு முறை பின் சீல் மாற்றியும் கசிவு நிற்காத ஒரு படகைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது முறை கியர் பாக்ஸில் கை வைக்காமல், முதலில் இன்ஜினைக் கழுவித் துடைத்து ஓட்டிப் பார்த்தோம். ஆயில் பிரஷர் மீட்டருக்குப் போகும் செம்புக் குழாய் ஒரு பிராக்கெட்டில் உரசி உரசி, மயிரிழை அளவுக்கு வெடித்திருந்தது. ஐடிலில் (லோடு இல்லாத மெதுவான ஓட்டத்தில்) அது ஈரம்கூடக் காட்டவில்லை. ஆர்.பி.எம். ஏறினால் மட்டும் புகைபோல ஆயிலைப் பீய்ச்சியது. கீழே சொல்லும் வரிசையை அன்றே பின்பற்றியிருந்தால் முதல் நாளிலேயே கண்டுபிடித்திருக்கலாம்.

இந்த வழிகாட்டி நம் விசைப்படகுகளில் உள்ள இன்போர்டு (படகுக்குள்ளேயே பொருத்திய) டீசல் இன்ஜின்களுக்கானது.

1. படகு தண்ணீரில் இருக்கும்போதே தொடங்குங்கள்

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. படகைக் கரையேற்றிய பிறகுதான் பலர் இன்ஜின் பக்கமே திரும்புகிறார்கள். மற்ற மராமத்துக்கு அது சரிதான். கசிவு தேடுவதற்கு அது தவறான நேரம்.

கரையில் இன்ஜினைச் சூடேற்றி லோடு கொடுத்து ஓட்ட முடியாது. இன்ஜினைக் குளிர்விக்கும் கடல் தண்ணி பம்பு வறண்டு ஓடினால் அதன் ரப்பர் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரம்) சில நிமிடங்களில் கருகிவிடும். கசிவோ, ஆயில் சூடாகி இளகி, பிரஷர் ஏறிய பிறகுதான் தன்னைக் காட்டும். அதனால் தடைக்காலத்துக்கு முந்தைய கடைசி வாரத்தில் தண்ணீரிலேயே கண்டுபிடித்துவிடுங்கள். பழுதைக் கரையேற்றிய பின் பாருங்கள். என்ன வாங்க வேண்டும் என்ற பட்டியலும் முன்கூட்டியே கையில் இருக்கும்.

2. முன்கூட்டி எடுத்து வைக்க வேண்டியவை

பனியன் வேஸ்ட் (துடைக்கும் கழிவுத் துணி) தாராளமாக வேண்டும். வெள்ளை அல்லது வெளிர் நிறத் துணியாகப் பார்த்து வாங்குங்கள். கறுப்புத் துணியில் எந்த ஆயில் என்று தெரியாது.

வெள்ளை சார்ட் பேப்பர் நான்கைந்து, நல்ல டார்ச், நீளக் கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடி, சாதாரண முகப்பவுடர் ஒரு டப்பா, பெயின்ட் பிரஷ், மண்ணெண்ணெய், சோப்புத் தண்ணீர், அகலமான தட்டு இரண்டு, கழிவு ஆயில் பிடிக்க மூடியுள்ள கேன், ஒரு நோட்டு, பேனா. கண்ணாடி இல்லையென்றால் செல்போன் கேமராவை வீடியோவில் ஓடவிட்டு இன்ஜினுக்குப் பின்னால் நீட்டலாம். பல இடங்களில் கண்ணாடியைவிட அது நன்றாகவே காட்டும்.

ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயமும் அதற்கான ஊதா டார்ச்சும் கிடைத்தால் நல்லது. கட்டாயமில்லை. முறையாகக் கழுவிப் பவுடர் தூவினால் பெரும்பாலான கசிவுகள் அதிலேயே பிடிபட்டுவிடும்.

3. உள்ளே இறங்கும் முன்

லுங்கி, சாரம், தோளில் துண்டு இவற்றோடு ஓடும் இன்ஜினுக்கு அருகே போகாதீர்கள். பெல்ட்டும் ஷாஃப்ட் கப்ளிங்கும் துணியைப் பிடித்தால் ஆளையும் சேர்த்து இழுக்கும். அரைக்கால் சட்டையும் உடம்போடு ஒட்டிய பனியனும் போதும்.

கழுவும்போதும் நட்டு போல்ட்டில் கை வைக்கும்போதும் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். மேலே இருப்பவர் தெரியாமல் சாவியைத் திருப்பிவிட்டால் கீழே இருப்பவர் விரல் போகும். இன்ஜின் ரூம் பலகைகள் எல்லாவற்றையும் திறந்து காற்றோட்டம் விடுங்கள்.

ஓடும் இன்ஜினில் பீய்ச்சலைக் கையால் தடவித் தேடவே கூடாது. இன்ஜெக்டர் குழாயில் வரும் டீசலின் அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போகும். பார்ப்பதற்குச் சின்னப் புள்ளிதான். கையையே இழக்க வைக்கும் காயம் அது. சந்தேகமான இடத்தில் அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

4. கசிவது இன்ஜின் ஆயில்தானா?

படகின் அடியில் சேர்வது பலதும் கலந்த கலவை. இன்ஜின் ஆயில், கியர் ஆயில், டீசல், விஞ்ச் அல்லது ஸ்டியரிங்கின் ஹைட்ராலிக் ஆயில், ஷாஃப்ட் கிளாண்டுக்கு (ஷாஃப்ட் படகின் உடலைத் தாண்டும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் அடைப்பு) அடித்த கிரீஸ், கடல் தண்ணீர். இதைப் பிரிக்காமல் தொடங்கினால் இல்லாத கசிவைத் தேடி ஒரு நாள் போய்விடும்.

அடியில் மிதப்பதிலிருந்து மாதிரி எடுக்காதீர்கள். சொட்டும் இடத்திலேயே வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள். டீசல் இன்ஜினில் ஓடிய ஆயில் கறுப்பாகத் திட்டு விழும், மெதுவாகப் பரவும். டீசல் சட்டென்று அகலமாகப் பரவி வெளிறிய வட்டமாகும், வாசனையே சொல்லிவிடும். கியர் பாக்ஸில் ஏ.டி.எஃப். என்னும் சிவப்புக் கியர் ஆயிலை ஊற்றியிருந்தால் சிவப்பாகத் தெரியும். ஆனால் பல மெரைன் கியர் பாக்ஸ்களில் இன்ஜினுக்கு ஊற்றும் அதே வகை ஆயிலையே ஊற்றுகிறார்கள். அப்போதும் நிறம் உதவும். கரி சேராததால் கியர் ஆயில் தேன் நிறத்திலோ லேசான பழுப்பிலோ இருக்கும்.

கியர் பாக்ஸ் டிப் ஸ்டிக்கையும் இன்ஜின் டிப் ஸ்டிக்கையும் ஒரே துணியில் அருகருகே துடைத்து வைத்துக்கொண்டு, மூன்றாவதாகக் கசிவை ஒற்றிப் பாருங்கள். இரண்டில் எது என்று கண்ணே சொல்லும்.

5. எவ்வளவு குறைகிறது என்று அளந்து எழுதுங்கள்

"நிறையக் குடிக்குது" என்பது அளவு ஆகாது. ஒரு தங்கலுக்கு (கடலில் தங்கி மீன் பிடிக்கும் ஒரு பயணம்) எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை மில்லி ஊற்றினீர்கள் என்று எழுதுங்கள். கியர் பாக்ஸ் அளவையும் தனியாக எழுதுங்கள். இரண்டு தங்கல் எழுதினாலே படம் தெளிவாகிவிடும்.

கணக்குக்கு ஒன்று. ஏறத்தாழ 20 முதல் 30 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் மணிக்கு 3600 சொட்டு, அதாவது 120 முதல் 180 மில்லி. பத்து மணி நேர ஓட்டத்தில் சுமார் ஒன்றரை லிட்டர். நிறுத்திய பின் ஒன்றிரண்டு சொட்டு விழுவதும் இதுவும் ஒன்றல்ல. இரண்டுக்கும் ஒரே பதற்றம் தேவையில்லை.

டிப் ஸ்டிக்கைப் பற்றி இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். லாரிக்குச் செய்த இன்ஜினை மெரைனாக மாற்றி இறக்கிய படகுகள் நம்மிடம் நிறைய. அந்த டிப் ஸ்டிக்கின் கோடுகள் சமமாக உட்கார்ந்த இன்ஜினுக்குப் போட்டவை. சரிந்து உட்கார்ந்ததும் சேம்பரில் (இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஆயில் பின்பக்கம் தேங்கும். டிப் ஸ்டிக் முன்பக்கம் இருந்தால் ஆயில் சரியாக இருந்தும் குறைவாகக் காட்டும். டிரைவர் மேலும் ஊற்றுவார். அதிகமாக நிறைந்த ஆயிலைக் கிராங்க் அடித்து நுரையாக்கும். பின் சீலின் உதடு வரை ஆயில் ஏறி நிற்கும். நல்ல சீலிலும் அது கசியும்.

சரிசெய்வது எளிது. ஆயில் மாற்றும்போது இன்ஜின் மேனுவலில் சொன்ன அளவை அளந்து ஊற்றுங்கள். கொஞ்சம் ஓட்டி நிறுத்தி, பத்து நிமிடம் விட்டு, படகு சமமாக மிதக்கும்போது டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் நிற்கும் இடத்தில் அரத்தால் மெல்லிய கோடு போடுங்கள். உங்கள் படகுக்கு அதுதான் மேல்கோடு. இந்த ஒரு கோட்டோடு நின்றுபோன கசிவுகளும் உண்டு. எப்போதும் ஒரே நிலையில் பார்க்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். மீன் பெட்டியும் ஐஸும் நிறைந்திருக்கும்போது ஒரு அளவு, காலியாக இருக்கும்போது வேறு அளவு காட்டும்.

6. எந்த சீலையும் தொடும் முன் பிரீதரைப் பாருங்கள்

பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கிராங்க் கேஸுக்குள் இறங்கும். அது வெளியேற வைத்த வழிதான் பிரீதர். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்தச் சந்து பலவீனமோ அதன் வழியாக ஆயிலை வெளியே தள்ளும். சீல் மாற்றினால் அடுத்த பலவீனமான இடத்தில் தள்ளும். ஒன்று மாற்றினால் இன்னொன்று கசிகிறது என்று புலம்பும் படகுகளில் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

பிரீதர் குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள். மடங்கியிருக்கிறதா, உள்ளே ரப்பர் உப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறதா, வலை கரியும் ஆயிலும் சேர்ந்து பிசின்போல் அடைத்திருக்கிறதா என்று பார்த்து மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள்.

பிறகு இன்ஜினைச் சூடாக்கி, ஐடிலில் வைத்து, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகாமல் சும்மா தலைகீழாக வாயின்மேல் வையுங்கள். லேசாக நடுங்கினால் பரவாயில்லை. புகை தள்ளி, மூடி குதித்து விழுந்தால் உள்ளே அழுத்தம் அதிகம். பிரீதர் சுத்தமாக இருந்தும் இப்படி என்றால் ரிங்கோ லைனரோ தேய்ந்திருக்கலாம். டர்போ உள்ள இன்ஜினில் டர்போவின் சீல் வழியாகக் காற்று ஆயில் திரும்பும் குழாயில் இறங்குவதும் காரணமாகலாம். இந்த நிலையில் சீலுக்குச் செலவு செய்வது வீண். இன்ஜின் வேலையைத்தான் திட்டமிட வேண்டும்.

7. கழுவுங்கள், முழுதாகக் கழுவுங்கள்

புதிதாக வருபவர்கள் தாண்டிப்போகும் படி இது. பழைய ஆயில் படிந்த இன்ஜினில் புதுக் கசிவைத் தேட முடியாது. ஈரம் எங்கும் இருந்தால் எதுவும் தெரியாது.

இன்ஜின் ஆறிய பின், அடியில் தட்டு வைத்துவிட்டு, மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு மேலிருந்து கீழே கழுவுங்கள். ஏர் ஃபில்டர் வாய், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மூன்றையும் பாலித்தீன் கொண்டு மூடிவிடுங்கள். அதன்பின் சோப்புத் தண்ணீரால் துடைத்து, கடைசியில் நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். மண்ணெண்ணெயோடு நிறுத்திவிட்டால் அது மூலைகளில் தங்கி, சூடானதும் வழிந்து, அதுவே கசிவுபோல் ஏமாற்றும். தீ ஆபத்தும் உண்டு.

ஃப்ளைவீல் ஹவுசிங்கின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். கிரீஸும் அழுக்கும் அதை அடைத்திருக்கும். குச்சி விட்டுச் சுத்தம் செய்யுங்கள். பிறகு அந்த ஓட்டை பேசப் போகிறது.

அடித்தண்ணீரையும் வெளியேற்றி அடியைத் துடைத்துவிடுங்கள். ஆயில் கலந்த அந்தத் தண்ணீரைத் துறைமுகத்துக்குள் பம்ப் செய்யாதீர்கள். மேலே மிதக்கும் ஆயிலைப் பனியன் வேஸ்ட்டால் ஒற்றியெடுத்து, கேனில் பிழிந்து, கழிவு ஆயில் வாங்குபவரிடம் கொடுங்கள். சோப்பு கலந்து பம்ப் செய்தால் ஆயில் போய்விட்டதுபோல் தெரியும். அது கரைந்து தண்ணீரோடு கலந்து அங்கேயேதான் இருக்கும். நாம் மீன் இறக்கும் தண்ணீர் அது.

8. பேப்பர் விரித்து, பவுடர் தூவி, நான்கு நிலையில் ஓட்டுங்கள்

வெள்ளை சார்ட் பேப்பரை நான்கு துண்டாக இன்ஜினுக்கு அடியில் விரியுங்கள். முன் புல்லிக்குக் கீழே 1, சேம்பருக்குக் கீழே 2, ஃப்ளைவீல் ஹவுசிங்குக்குக் கீழே 3, கியர் பாக்ஸுக்குக் கீழே 4. எண்ணையும் இன்ஜினின் முன்பக்க அம்புக்குறியையும் பேப்பரிலேயே எழுதுங்கள். வெளியே எடுத்தபின் எது எந்தப் பக்கம் என்று குழப்பம் வராது. ஷாஃப்ட் கிளாண்டிலிருந்து சொட்டும் தண்ணீர் பேப்பரை நனைக்காமல் குறுக்கே ஒரு மரச்சட்டம் வையுங்கள்.

சந்தேகப்படும் இணைப்புகளில் பஞ்சால் முகப்பவுடரை மெல்லியதாக ஒற்றுங்கள். ஆயில் தொட்ட இடம் சட்டென்று கறுத்துக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின் மேல்நுனிதான் நமக்கு வேண்டியது. ஏர் ஃபில்டர் பக்கம் மட்டும் பவுடர் போகக்கூடாது.

முதல் நிலை, ஸ்டார்ட் செய்யும் முன் அரை மணி நேரம் சும்மா விட்டுப் பார்ப்பது. நிற்கும்போதே சொட்டினால், ஆயில் மட்டத்துக்குக் கீழே உள்ள சேம்பர், டிரெயின் பிளக், ஆயில் அதிகமாக நிறைந்திருந்தால் பின் சீலின் அடிப்பக்கம் இவற்றில்தான் தேட வேண்டும்.

இரண்டாவது, ஆறிய இன்ஜினை ஐடிலில் ஓட்டுவது. ஆறிய ஆயில் கெட்டியாக இருப்பதால் பிரஷர் அதிகம் காட்டும். ஃபில்டர், பிரஷர் குழாய்கள், ஆயில் கூலர் இணைப்புகள் இப்போது தெரியும்.

மூன்றாவது, நன்றாகச் சூடான பின் லோடில் ஓட்டுவது. வெளியே ஒரு ஓட்டம் போய் வருவதுதான் சிறந்தது. ஜெட்டியில் கட்டியபடியே முன் கியரில் ஓட்டுவதானால் இரட்டைக் கயிறு போட்டு, ஆர்.பி.எம்.மைக் குறைவாக வைத்து, டிரைவர் ஸ்டியரிங்கை விட்டு நகராமல் செய்ய வேண்டும். பக்கத்துப் படகுக்காரர்களிடம் முதலில் சொல்லிவிடுங்கள். சீல் கசிவும் பிரீதர் கோளாறும் பெரும்பாலும் இந்த நிலையில்தான் வெளிவரும்.

நான்காவது, நிறுத்திய பின் ஒரு மணி நேரம். சூட்டில் விரிந்தது சுருங்கும்போது சில பேக்கிங் (இரண்டு பாகங்களுக்கு நடுவே வைக்கும் அடைப்பு) அப்போதுதான் சொட்டும்.

ஒவ்வொரு நிலைக்கும் பேப்பரை மாற்றி, தேதியும் நிலையும் எழுதி, ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பேப்பரை நான்கு நிலைக்கும் விட்டால் இந்த வேலையின் பயனே போய்விடும்.

9. மேலிருந்து கீழ், முன்னிருந்து பின்

ஆயில் கீழேயும், நம் படகில் பின்னேயும் ஓடும். ஆகவே தேடலை மேலேயும் முன்னேயும் இருந்துதான் தொடங்க வேண்டும். ஈரம் உள்ள இடங்களில் எது மிக மேலே, எது மிக முன்னே என்று பாருங்கள். அதைச் சரிசெய்து, மறுபடி துடைத்து, மறுபடி ஓட்டிய பிறகே கீழே இறங்குங்கள்.

டேப்பட் கவர். பின்மூலைதான் தாழ்வு என்பதால் அங்கேதான் முதலில் வழியும். இன்ஜினை நிறுத்திய பின் விரலை அதன் பின்விளிம்புக்கு அடியில் ஓட்டிப் பாருங்கள். பேக்கிங் கெட்டியாகி வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். கசிகிறதே என்று போல்ட்டை முறுக்கிக்கொண்டே போனால் தகடு வளைந்து, போல்ட் உள்ள இடம் அமுங்கி, நடுவில் இடைவெளி விழும். அப்புறம் புதுப் பேக்கிங்கும் நிற்காது.

ஆயில் பிரஷர் சென்டர் (பிரஷரை வயர் வழியே மீட்டருக்கு அனுப்பும் சென்சார்), மீட்டர் குழாய். சென்டரின் மரையில் மட்டுமல்ல, அதன் உடம்பும் வயர் முனையும் சேரும் இடத்திலும் கசியும். வயரை உருவிப் பாருங்கள், உள்ளே ஈரமாக இருந்தால் சென்டரே போய்விட்டது. குழாய் எங்கெல்லாம் இரும்பில் உரசுகிறதோ அங்கே ரப்பர் துண்டு சுற்றிக் கிளிப் போடுங்கள்.

ஆயில் ஃபில்டர். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டு, அதன்மேல் புது வளையம் உட்காரும். ஐடிலில் தாங்கும். ஆர்.பி.எம். ஏறியதும் பீய்ச்சி, சில நிமிடங்களில் சேம்பரைக் காலியாக்கிவிடும். ஃபில்டர் மாற்றும்போதெல்லாம் பழைய வளையம் பழைய ஃபில்டரோடு வந்துவிட்டதா என்று கையில் எடுத்துப் பாருங்கள்.

கடல் தண்ணி பம்பு. கியரால் ஓடும் பம்பில் தண்ணீர் சீலுக்கும் ஆயில் சீலுக்கும் நடுவே கீழ்நோக்கி ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதில் தண்ணீர் சொட்டினால் தண்ணீர் சீல், ஆயில் சொட்டினால் ஆயில் சீல். அழகு பார்த்து பெயின்ட் அடிக்கும்போது அந்த ஓட்டையை மூடிவிடுகிறார்கள். உப்பும் அடைக்கும். அடைத்தால் கசியும் கடல் தண்ணீர் வெளியே வழியில்லாமல் இன்ஜினுக்குள் போகும். ஆயில் கசிவைவிட அது பல மடங்கு கேடு. ஒரு கம்பியால் குத்தித் திறந்து வையுங்கள்.

டீசல் பம்பு. பிளாக்கோடு சேரும் முகத்தில் உள்ள வளையம் ஆயிலைக் கசியவிடும். பக்கத்திலேயே டீசலும் கசிந்தால் இரண்டும் கலந்து, நீர்த்த கறுப்பாகத் தெரியும். நிறத்தைப் பார்த்து ஏமாறாமல் இரண்டையும் தனித்தனியாகத் துடைத்துப் பாருங்கள்.

முன் சீல். கிராங்க் புல்லிக்குப் பின்னால் உள்ளது. இது போனால் புல்லி சுழலும் வேகத்தில் ஆயிலை வட்டமாக வீசும். படகின் உள்பக்கச் சுவரில், புல்லிக்கு நேராக, கோடு கிழித்ததுபோல் ஒரு கறுப்புப் பட்டை விழுந்திருக்கும். பெல்ட்டும் நனைந்து வழுக்கும். சீலை மாற்றும்போது புல்லியின் கழுத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீலும் சில வாரம்தான். மெல்லிய ஸ்லீவ் போட வேண்டும், அல்லது சீலின் உதடு பழைய பள்ளத்தில் படாதபடி கொஞ்சம் தள்ளி உட்கார வைக்க வேண்டும்.

ஆயில் சேம்பர். லாரிக்காரருக்கு இல்லாத, படகுக்காரருக்கு மட்டும் வரும் தலைவலி இது. தகட்டுச் சேம்பரின் அடி, உப்புத் தண்ணீர் அலம்பி அலம்பி வெளியிலிருந்து துருப்பிடித்து ஊசித்துளை விழும். பேக்கிங்கும் பிளக்கும் சுத்தமாக இருக்க, அடியின் நடுவில் ஈரம் கோத்தால் இதுதான். கண்ணாடியை அடியில் நீட்டி, டார்ச் அடித்துப் பாருங்கள். துரு கொப்பளம்போல் எழும்பி, அதன் நடுவே ஒரு கறுப்புப் புள்ளி பளபளக்கும். அதைத் தண்ணீரில் இருக்கும்போது ஸ்குரூ டிரைவரால் சுரண்டாதீர்கள். பல இடங்களில் அந்தத் துருதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது. சுரண்டினால் மொத்த ஆயிலும் இறங்கிவிடும். துடைத்துவிட்டு, கரையேற்றும் வரை அடியில் தட்டு வைத்து அளவைப் பார்த்துவாருங்கள். சேம்பரை மாற்றும்போது உள்ளும் புறமும் நன்றாகப் பெயின்ட் அடித்ததை மாட்டாதீர்கள், வெளியே மட்டும் அடித்ததை மாட்டுங்கள். உள்பக்கப் பெயின்ட் உரிந்தால் ஆயில் பம்பின் சல்லடையை அடைக்கும்.

டிரெயின் பிளக்கின் செம்பு வாஷர், ஆயில் உறிஞ்சும் கைப்பம்புக் குழாய், டர்போவின் ஆயில் குழாய்கள் இவற்றையும் போகிற போக்கில் பாருங்கள்.

10. பின் சீலா, கியர் பாக்ஸ் சீலா?

மேலே உள்ள எல்லாம் காய்ந்திருந்து, 3-ஆம் பேப்பரில் மட்டும், ஹவுசிங்கின் அடி ஓட்டையிலிருந்து சொட்டு விழுந்தால்தான் இந்தக் கேள்விக்கே வர வேண்டும்.

அப்போதும் இரண்டு பேர் மேல் சந்தேகம். முன்னால் இன்ஜினின் பின் சீல், பின்னால் கியர் பாக்ஸின் இன்புட் சீல். சொட்டின் நிறமும் நோட்டில் எழுதிய இரண்டு அளவுகளும் பெரும்பாலும் முடிவு சொல்லிவிடும். இரண்டிலும் ஒரே ஆயில், ஒரே நிறம் என்றால் சாயத்தை இன்ஜினில் மட்டும் கலந்து ஓட்டிப் பாருங்கள். சொட்டு ஊதா டார்ச்சில் ஒளிர்ந்தால் இன்ஜின்.

கியர் பாக்ஸை இறக்கியதும் துணியை எடுத்துத் துடைத்துவிடாதீர்கள். ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள், போட்டோ எடுங்கள். ஃப்ளைவீலின் கியர் பாக்ஸ் பக்கம் நனைந்திருந்தால் இன்புட் சீல். இன்ஜின் பக்கம் நனைந்து, நடுவிலிருந்து கதிர்போல் வெளியே வீசியிருந்தால் பின் சீல். நடுப்பகுதி காய்ந்து கீழ்ப்பகுதி மட்டும் நனைந்திருந்தால் சேம்பர் பேக்கிங்கின் பின்மூலை. சீலுக்கு மேலே பிளாக்கிலிருந்து வழிந்த தடம் இருந்தால் கேம் ஷாஃப்ட் முனையை மூடிய தட்டு மூடியையோ ஆயில் வழியின் பிளக்கையோ பாருங்கள். இவற்றைப் பார்க்காமல் சீலை மட்டும் மாற்றி மூடிவிட்டால் இதே வேலையை மறுபடி செய்ய வேண்டிவரும்.

சீல் ஏன் போனது என்றும் கேளுங்கள். வயதானது ஒரு காரணம். அலைன்மென்ட் தவறி, அதாவது இன்ஜினும் ஷாஃப்ட்டும் ஒரே நேர்கோட்டில் இல்லாமல், ஷாஃப்ட் உதறுவது இன்னொன்று. கப்ளிங் போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு ஃபிளாஞ்ச் முகங்களுக்கும் இடையே நான்கு பக்கமும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். ஃபிளாஞ்ச் விட்டத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஆயிரத்தில் ஒரு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. 6 அங்குல ஃபிளாஞ்சுக்கு 6 தௌ (ஆயிரத்தில் ஆறு அங்குலம்). படகு தண்ணீரில் மிதக்கும்போதுதான் இதைப் பார்க்க வேண்டும். கரையில் கட்டைமேல் நிற்கும்போது உடல் வேறு மாதிரி வளைந்திருக்கும், அங்கே எடுத்த அளவு தண்ணீரில் பொருந்தாது.

11. எங்கும் கசியவில்லை, ஆனாலும் குறைகிறது

பேப்பர் நான்கும் வெள்ளையாகவே இருந்தும் டிப் ஸ்டிக் இறங்கினால் ஆயில் உள்ளுக்குள் போகிறது. புகைக்குழாயில் நீலப்புகை வந்தால் எரிகிறது. ரிங், வால்வு சீல், டர்போ என்று பார்க்க வேண்டும்.

புகையும் இல்லையென்றால் ஆயில் கூலர். ஓடும்போது ஆயிலின் அழுத்தம் தண்ணீரைவிட அதிகம் என்பதால் ஆயில் தண்ணீருக்குள் போகும். நல்ல தண்ணீர் சுற்றும் இன்ஜினில் தண்ணீர்த் தொட்டி மூடியை, இன்ஜின் ஆறிய பிறகு மட்டும் திறந்து பாருங்கள். ஆயில் மிதந்தாலோ பாலாடைபோல் திரண்டிருந்தாலோ அதுதான். கடல் தண்ணீர் நேராகக் கூலருக்குள் போகும் அமைப்பில், தண்ணீர் வெளியேறும் குழாயின் கீழே கடலில் வானவில் நிறப் படலம் தெரியும். கியர் ஆயிலுக்கும் தனிக் கூலர் இருந்தால் அதுவும் இப்படியே போகலாம்.

ஆயில் குறையாமல் ஏறினால் உடனே ஓட்டத்தை நிறுத்துங்கள். டீசல் கலந்தால் ஆயில் நீர்த்து டீசல் வாசனை வரும். தண்ணீர் கலந்தால் மோர்போல் வெளுக்கும். கொஞ்சமாகக் கலந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. சூடான தகட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், கடுகு தாளிப்பதுபோல் வெடித்தால் தண்ணீர் இருக்கிறது.

12. எது உடனே, எது கரையேற்றிய பின்

கடலுக்குப் போகக்கூடாத நிலைமைகள்: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலோ டர்போவிலோ ஆயில் படுவது, ஆயில் பிரஷர் வழக்கத்தைவிட இறங்குவது, ஆயில் வெளுப்பது, பீய்ச்சும் எந்தக் குழாயும். சூடான மேனிஃபோல்டில் பீய்ச்சும் ஆயில் தீப்பிடிக்கும். கரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இன்ஜின் ரூமில் தீ என்றால் ஆறேழு பேரின் உயிர் விஷயம். முதலாளி அவசரப்படுத்தினாலும் இதில் இறங்கிப்போகாதீர்கள்.

டேப்பட் கவரில் ஈரக்கசிவு, நிறுத்திய பின் சில சொட்டு விழும் பின் சீல், இவை தடைக்காலம் வரை காத்திருக்கலாம். அதுவரை தட்டு வைத்து, அளவை நோட்டில் எழுதிவாருங்கள். அளவு ஏறினால் காத்திருக்கக்கூடாது.

வெளியே ஈரத்தின்மேல் சிலிகான் பசை அப்புவது நிற்காது. பேக்கிங் போடும்போதும் பசையை மெல்லிய கோடாக மட்டும் இழையுங்கள். அதிகமாக வைத்தால் உள்பக்கம் பிதுங்கி உதிர்ந்து, சேம்பருக்குள் போய்ச் சல்லடையை அடைக்கும்.

வேலை முடிந்ததும் இன்ஜினை மறுபடி துடைத்து, 8-ஆம் படியின் நான்கு நிலைகளையும் புதுப் பேப்பரில் ஓட்டுங்கள். முதல் தங்கல் போய்வந்ததும் டேப்பட் கவர், சேம்பர் போல்ட்டுகளை, இன்ஜின் ஆறிய பின், ஒருமுறை தொட்டுப் பாருங்கள். மேனுவல் சொல்லும் முறுக்குக்கு மேல் போகாதீர்கள். அந்தப் பேப்பர்களையும் நோட்டையும் வீல் ஹவுஸில் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த வருடம் வேறு மெக்கானிக் வந்தாலும், எங்கே பார்த்து முடித்தோம், எங்கே பார்க்கவில்லை என்று அவருக்குத் தெரியும்.